தொகுப்பு வீடுகளின் கட்டடக்கலை: சுவர், தெரு, பட்டா

சந்தவாசலிலிருந்து ஆரணிப் பக்கமோ போளூர்ப் பக்கமோ பயணம் செய்பவர்கள் ஊர்கள்தோறும் இரண்டு வகையான தெருக்களைக் காணலாம். ஒன்று, பட்டு நெசவு நடக்கும் தெரு. அங்கே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டின் பக்கச்சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். முன்னே திண்ணை, உள்ளே குழித்தறி, பின்னே கிணறோ தோட்டமோ. வீட்டுக்குள் இடம் போதாதபோது பாவை நீட்டிச் சரிசெய்யத் தெருவே தொழிற்கூடமாகிவிடுகிறது.

மற்றொன்று, ஊரைக் கடந்து, வயலையோ ஏரிக்கரையையோ தாண்டி வருகிற தெரு. ஒரே அளவு, ஒரே கதவு, ஒரே சன்னல் என அச்சில் வார்த்ததுபோன்ற சிறு கான்கிரீட் வீடுகள் அங்கே இருக்கின்றன. காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் கூரைகளும், அவற்றின்மேல் விரித்த தார்ப்பாய்களும் அவ்வீடுகளின் வயதைச் சொல்லும். மக்கள் இவற்றைத் ‘தொகுப்பு வீடு’ என்றும் ‘காலனி வீடு’ என்றும் அழைக்கிறார்கள். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் நீங்குவது நல்லதே. அச்சொல் சுட்டிய தூரமும் தரமும் நீங்கினவா என்பதே நம் கேள்வி.

வீட்டுரிமையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பேசுகிறோம்: எத்தனை வீடுகள், எத்தனை லட்சம் ரூபாய், எத்தனை பயனாளிகள். வீட்டின் வடிவத்தை அரிதாகவே பேசுகிறோம். கூரை, சுவர், வாசல், தெரு ஆகியவற்றின் அமைப்பு பொறியாளரின் வேலை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் யார் எங்கே எவ்வளவு இடத்தில் வாழலாம் என்பதை வடிவம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே அது அரசியல். அரசு கட்டும் வீட்டை அந்தக் கோணத்தில் வாசிப்பதற்கான அடிப்படைச் செய்திகளை இங்கே தொகுத்துள்ளோம்.

குடிசையிலிருந்து தொகுப்பு வீட்டுக்கு

தலித் மக்களின் வீட்டுப் பிரச்சினை நிலப் பிரச்சினையிலிருந்து பிறந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கை, குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாத பறையர் மக்களின் நிலையை அரசின் முன் வைத்தது. அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீடு உருவானது. மனை மிராசுதாருக்குச் சொந்தம் என்றால், அதில் வாழ்பவர் கூலி உயர்வு கேட்ட மறுநாளே வெளியேற்றப்படலாம். குடிசையை ஒரே இரவில் பிரித்துவிடவும் முடியும், எரித்துவிடவும் முடியும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதை நாம் மறக்கவியலாது. எரியாத கூரை என்ற கோரிக்கைக்குப் பின்னே அந்த நெருப்பும் இருக்கிறது.

அரசின் தலையீடு பல கட்டங்களில் நடந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. அது 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1974இல் ஆதிதிராவிடர் வீட்டு வசதிக்கென ‘தாட்கோ’ உருவாக்கப்பட்டது. 1978இல் இயற்றப்பட்ட 31ஆம் எண் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காகத் தனியார் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. வீட்டுமனைப் பட்டாக்கள் பலவற்றின் பின்னணியில் இச்சட்டம் இருக்கிறது.

1985–86இல் ஒன்றிய அரசு தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம், முதலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கென்றே வகுக்கப்பட்டது. 1993–94இல்தான் பிற ஏழைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. வீடுகளைக் கூடுமானவரை ஒரே இடத்தில் தொகுப்பாகக் கட்டும் அணுகுமுறையே ‘தொகுப்பு வீடு’ என்ற பெயரை நிலைக்கச் செய்தது. அது ஒருவகையில் வசதி: சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்தே தரலாம். இன்னொரு வகையில் அது பழைய சேரியின் எல்லையைச் சிமெண்டால் உறுதிப்படுத்தியது.

வீட்டுரிமைக்கு நீதிமன்ற ஆதரவும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் தலித் மக்களுக்கு வீடு கட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டதை எதிர்த்து நில உடைமையாளர்கள் தொடுத்த சமேலி சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தங்குமிடம் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றும், அது வெறும் தலைக்குமேல் கூரை அன்று, போதிய இடம், காற்று, வெளிச்சம், தண்ணீர், சுகாதாரம், சாலை ஆகியவற்றை உள்ளடக்கியது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. வீட்டின் வடிவத்தைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்குச் சட்ட அடிப்படை தரும் தீர்ப்பு இது.

எத்தனை சதுர அடி?

இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் வீடு நெடுங்காலம் 20 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 215 சதுர அடி. 2016இல் அத்திட்டம் பிரதமர் ஊரகக் குடியிருப்புத் திட்டமாக மாற்றப்பட்டபோது குறைந்தபட்ச அளவு, சமையலுக்கான இடம் உள்பட, 25 சதுர மீட்டராக உயர்ந்தது. அது ஏறத்தாழ 269 சதுர அடி. தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடு 300 சதுர அடி. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. ஏறத்தாழ 40 ஆண்டுகளில் கூடியது 145 சதுர அடி.

இந்த அளவுக்குள் ஒரு குடும்பம் உறங்க வேண்டும், சமைக்க வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். நெசவுப் பகுதியில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. குழித்தறி ஒன்றுக்கு ஏறத்தாழ ஓர் அறை முழுவதும் வேண்டும். தரையில் பள்ளம் தோண்ட வேண்டும். ஈரம் ஏறாமல் இருக்க வேண்டும். பகலில் நூலிழை தெரியும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். கூரை ஒழுகினால் பட்டுப் பாவு பாழாகும். நட்டம் கூலியில் பிடிக்கப்படும். 300 சதுர அடி வீட்டின் வரைபடத்தில் தறிக்கு இடமில்லை. எந்தத் தொழிலுக்கும் இடமில்லை. ஆடு கட்ட, கூடை முடைய, தையல் இயந்திரம் போட அது இடம் தருவதில்லை. தலித் குடும்பம் வெளியே போய்க் கூலி வேலை மட்டுமே செய்யும் என்ற முன்முடிவு அந்த வரைபடத்தில் எழுதப்படாமல் எழுதப்பட்டிருக்கிறது.

கூரை அடுத்த சிக்கல். நம் வெயிலில் வீட்டுக்குள் வரும் வெப்பத்தின் பெரும்பகுதி மேல்தளத்தின் வழியாகவே இறங்குகிறது. பழைய மச்சு வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளத்தின்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். அது வெப்பத்தையும் தடுக்கும், நீரையும் தடுக்கும். செலவைக் குறைப்பதற்காக அந்த அடுக்கு கைவிடப்பட்டால், வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை உறிஞ்சி இரவெல்லாம் உள்ளே உமிழும். மழைநீர் நுண்விரிசல் வழியாக இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு ஏறிய கம்பி பருக்கும். பருத்தால் அடியிலிருக்கும் காரை பெயர்ந்து விழும். தொகுப்பு வீடுகள் இடிந்து விழுவதாக வரும் செய்திகள் பலவற்றின் பின்னால் இருப்பது இந்த எளிய இயக்கம்தான். வீட்டை வாங்கியவர் பராமரிக்கவில்லை என்று சொல்லிக் கைகழுவ முடியாது. தட்டோடு போடாத தளத்தைக் கூலித் தொழிலாளி தன் சேமிப்பில் காப்பாற்ற முடியாது.

ஒட்டி நிற்கும் வீடு: இங்கிலாந்திலும் மலையகத்திலும்

பக்கச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடு உலகெங்கும் உண்டு. அதற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று மதிப்பின் வரலாறு, மற்றது அவமதிப்பின் வரலாறு.

தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில், குறிப்பாக லீட்ஸ் போன்ற நகரங்களில், தொழிலாளர்களுக்கு முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் கட்டப்பட்டன. பக்கச் சுவர்களோடு பின்சுவரும் பொது என்பதால் காற்றும் வெளிச்சமும் முன்புறத்திலிருந்து மட்டுமே வரும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய வீடுகளைப் புதிதாகக் கட்டுவதற்குத் தடை விதித்தது. முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் வந்த ஆடிசன் சட்டம், தொழிலாளர் வீடுகளைக் கட்டும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2019இல், பிரிட்டனின் மிக உயர்ந்த கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசு நாரிச் நகர மன்றம் கட்டிய கோல்ட்ஸ்மித் தெரு என்னும் வரிசை வீட்டுக் குடியிருப்புக்குக் கிடைத்தது. அருங்காட்சியகமோ வங்கித் தலைமையகமோ அன்று. குறைந்த வாடகைக்கு விடப்படும் ஏறத்தாழ 100 அரசு வீடுகள். மிகைல் ரிச்சஸ் நிறுவனமும் கேத்தி ஹாலியும் அவற்றை வடிவமைத்தனர். எதிரெதிர் வீடுகளுக்கு இடையே ஏறத்தாழ 21 மீட்டர் விட வேண்டும் என்பது அந்நாட்டின் பழைய வழக்கம். அதை 14 மீட்டராகக் குறைத்தார்கள். அதே நகரின் பழைய வரிசைத் தெருக்களே அந்த அளவுக்கு முன்மாதிரி. எதிர்வீட்டுக்கு வெயில் மறையாதபடி கூரைச் சரிவை அமைத்தார்கள். மாடி வீடு உள்பட ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவைப் பார்த்த தனி வாசல் உண்டு. இருண்ட பொதுத் தாழ்வாரம் கிடையாது. கொல்லைப்புறங்களுக்கு நடுவே குழந்தைகள் விளையாடப் பொதுச் சந்து அமைத்தார்கள். வெப்பம் வீணாகாத கட்டுமானத்தால் குளிர்காலச் செலவு பெரிதும் குறைந்தது.

குளிர் நாட்டின் தீர்வை வெயில் நாட்டுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே வெயிலை உள்ளே அழைக்கிறார்கள், நாம் வெளியே நிறுத்த வேண்டும். ஆனால் அடிப்படைப் பாடம் பொதுவானது: ஏழைகளுக்கான வீடு என்பதால் சிந்தனையைக் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒட்டிய வீட்டில் இரு பக்கச்சுவர்கள் வெயில் படாமல் காக்கப்படும் என்பது நம் நெசவாளர் தெருக்களும் அக்கிரகாரங்களும் அறிந்த உண்மையே.

இந்தியாவிலும் முன்மாதிரி உண்டு. இந்தூரில் பாலகிருஷ்ண தோஷி 1980களில் வடிவமைத்த அரண்யா குடியிருப்பில் ஏறத்தாழ 6,500 மனைகள். மிக ஏழைக் குடும்பத்துக்கு 35 சதுர மீட்டர் மனை, அடித்தளம், குழாய், கழிப்பறை ஆகியவை முதலில் தரப்பட்டன. சுவரையும் மாடியையும் குடும்பம் தன் வருவாய்க்கேற்ப வளர்த்துக்கொள்ளலாம். 1995இல் ஆகா கான் விருது பெற்ற திட்டம் இது.

வரிசை வீட்டின் மறுபக்கம் மலையகத்தில் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கட்டப்பட்ட லயன் அறைகள் வரிசை வீடுகளே. அத்தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சென்றவர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று, முன்னே ஒடுங்கிய தாழ்வாரம். இரட்டை லயன்களில் லீட்ஸ் வீடுகளைப் போலவே பின்சுவரும் பொது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். ஆகவேதான் மலையக மக்கள் பல பத்தாண்டுகளாகத் தனி வீட்டையும் காணி உறுதியையும் சேர்த்தே கோரி வருகிறார்கள். இந்திய உதவியுடன் அங்கே கட்டப்பட்ட தனி வீடுகள் 7 பேர்ச் காணியுடன் அமைந்ததற்கு அந்தக் கோரிக்கையே காரணம்.

ஒரே வடிவம் நாரிச்சில் விருது பெறுகிறது, நுவரெலியாவில் சிறையாகிறது. வேறுபாடு சுவரில் இல்லை. யாருடைய பெயரில் உரிமை, எவ்வளவு இடம், எத்தனை பக்கம் சன்னல் என்பதில் இருக்கிறது.

வீடு எங்கே நிற்கிறது?

நல்ல வீடும் தவறான இடத்தில் நின்றால் நீதியாகாது. அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தியக் கிராமத்தைக் கடுமையாக விமர்சித்தார். அதற்கு முன்பே, 1942இல் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்டோர் மாநாடு, சாதி இந்துக்களைச் சாராத தனிக் கிராமங்கள் வேண்டுமெனத் தீர்மானித்தது. அந்தக் கோரிக்கை உழுவதற்கு நிலத்தோடு கூடிய தனிக் கிராமத்தைக் குறித்தது. ஊரின் வாலில் தொங்கும், நிலமற்ற தனிக் குடியிருப்பை அன்று.

எதிர்த்திசை முயற்சி பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடர்களுக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 இதர வகுப்பினருக்கும் ஒதுக்கப்பட்டன. அடுத்தடுத்த வீடுகளில் வெவ்வேறு சாதியினர், அனைவருக்கும் ஒரே இடுகாடு என்பது அதன் வடிவமைப்பு. மாநிலமெங்கும் 200க்கும் மேற்பட்ட சமத்துவபுரங்கள் கட்டப்பட்டன. ஆயிரக்கணக்கான ஊர்களும் சேரிகளும் அப்படியே இருக்க, ஓரத்தில் எழுந்த சிறு மாதிரிகளாக அவை நின்றுவிட்டன என்பது குறை. அரசு நினைத்தால் கலப்புக் குடியிருப்பு கட்ட முடியும் என்று காட்டியது அதன் வலிமை.

பெரும்பாலான இடங்களில் சுவர் சேர்ப்பதற்கு அன்று, பிரிப்பதற்கே எழுந்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய தனியார் சுற்றுச்சுவர் அருகிலிருந்த ஆதிதிராவிடர் வீடுகள்மீது சரிந்து 17 பேர் மாண்டனர். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகள் தாக்கப்பட்டபோது 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. கான்கிரீட் கூரை நெருப்பைத் தாங்கலாம். ஆனால் அதன் அடியில் சேர்த்த சான்றிதழும் நகையும் இருசக்கர வாகனமும் எரிந்தால் ஒரு தலைமுறையின் உழைப்பு போய்விடுகிறது. தலித் ஒருவரின் குடியிருப்பைத் தீ வைத்து அழிப்பதற்கு ஆயுள் தண்டனை உண்டு என்று 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(iv) பிரிவு சொல்வதன் பொருள் இதுவே: வீட்டை எரிப்பது பொருளை மட்டுமன்றி மனிதரின் இருப்பையே எரிப்பது.

நகரத்தில் பிரிவினை வேறு உருவம் எடுக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் கண்ணகி நகருக்கும், 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். எட்டு அடுக்கு மாடியில் மின்தூக்கி நின்றுவிட்டால் முதியவருக்கு வீடே சிறை. வீட்டு வேலைக்கும் தூய்மைப் பணிக்கும் நகரத்துக்குள் வரும் பேருந்து நேரமே நாளில் பாதியை எடுத்துக்கொள்கிறது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு ஒன்று முழுவதும் சரிந்தது. விரிசலைக் கண்டு மக்கள் வெளியேறியதால் உயிர்கள் தப்பின.

3 சென்ட்டில் ஒரு கணக்கு

கிராமத்தில் தரப்படும் மனை வழக்கமாக 3 சென்ட், அதாவது ஏறத்தாழ 1,300 சதுர அடி. அதை 30 அடி அகலம், 43 அடி நீளமாகப் பிரித்து, நடுவே 20 அடிக்கு 15 அடியில் 300 சதுர அடி வீட்டை வைக்கும்போது, இருபுறமும் 5 அடிச் சந்துகள் மிஞ்சுகின்றன. அவற்றில் அறையும் கட்ட முடியாது, மரமும் வளராது.

அதே மனையை 20 அடி அகலம், 65 அடி நீளமாகப் பிரித்து வீடுகளை ஒட்டிக் கட்டினால் என்னவாகும்? முன்னே திண்ணைக்கும் நிழலுக்கும் 10 அடி. அடுத்து 15 அடி ஆழத்துக்கு வீடு. பின்னே 40 அடிக் கொல்லை எஞ்சும். அதில் கழிப்பறை, தறிக்கொட்டகை அல்லது மாட்டுக்கொட்டகை, முருங்கை மரம், நாளை மகனோ மகளோ கட்டப்போகும் இன்னொரு அறை எல்லாம் அடங்கும். தெருவின் இருபுறமும் 100 வீடுகள் என்றால், 1,500 அடியாக நீளவேண்டிய தெரு 1,000 அடியில் முடியும். குடிநீர்க் குழாய், வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றின் நீளம் மூன்றில் ஒரு பங்கு குறையும். மிச்சமாகும் பணத்தில் தட்டோடு பதிக்கலாம்.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. பொதுச்சுவர் 9 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கூரைவரை எழும்ப வேண்டும். முன்னும் பின்னும் சன்னல் எதிரெதிரே அமைந்து காற்று ஊடுருவ வேண்டும். வீடு வீடாகத் தனித்தனியே தவணை வழங்கும் இன்றைய முறையில் ஒட்டிய வீடு கட்டுவது கடினம். தெரு முழுவதையும் ஒரே திட்டமாகக் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வாழப்போகும் மக்கள் விரும்ப வேண்டும். தனி வீடு கேட்கும் குடும்பத்துக்கு அதற்கான வரலாற்றுக் காரணம் இருக்கிறது என்பதை மலையகம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

களத்தில் கேட்க வேண்டியவை

கிராம சபையிலோ தகவல் அறியும் உரிமை மனுவிலோ நாம் இக்கேள்விகளை எழுப்பலாம். பட்டா யார் பெயரில் உள்ளது, குடும்பத் தலைவியின் பெயர் அதில் உண்டா? நிலம் அளந்து கல் நட்டுக் கையில் ஒப்படைக்கப்பட்டதா, தாளில் மட்டும் உள்ளதா? மனை ஏரி, ஓடை, மேட்டுச் சுவர் ஆகியவற்றின் ஓரத்தில் உள்ளதா? பள்ளி, நியாயவிலைக் கடை, பேருந்து நிறுத்தம், இடுகாடு ஆகியவற்றுக்கு யாருடைய தெருவையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் போக வழி உண்டா? மதிப்பீட்டில் தட்டோடும் நீர்க்காப்பும் சேர்க்கப்பட்டுள்ளனவா? பழைய தொகுப்பு வீடுகளின் கூரைகளைப் பொறியாளர் கடைசியாக எப்போது சோதித்தார்?

இவற்றைக் கேட்கக் கட்டடக்கலைப் பட்டம் தேவையில்லை. கல்லூரி மாணவர்கள் ஓர் அளவு நாடாவோடு தம் ஊரின் தொகுப்பு வீடுகளுக்குச் சென்று, அறை, சன்னல், தெரு அகலம், ஊரிலிருந்து தூரம் ஆகியவற்றை அளந்து ஒரு தாளில் வரைந்தால் போதும். நெசவுத் தெருவின் வரைபடத்தையும் பக்கத்திலேயே வரைந்து வைக்கலாம். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாம் எதற்காகப் போராட வேண்டும் என்பது அடிக்கணக்கில் தெரிந்துவிடும்.